பேரி டவுன் யுனைட்டட்: சீசன்வாரி வரலாறு எழுதும்போது விழும் முடிச்சுகள்

உப்பளம் (கேள்வி):

வேல்ஸின் தென்கரைத் துறைமுக ஊரான பேரியின் கால்பந்துக் கிளப்பைப் பற்றித் தமிழில் நீளமான கட்டுரை ஒன்று தயாராகிறது. முதலில் சீசனுக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டுவிட்டு அதிலிருந்து எழுதுவது திட்டம். அட்டவணையே நிற்க மாட்டேன் என்கிறது.

தொடக்க ஆண்டு 1912 என்று ஒரு பக்கம், 1890களிலேயே ஊரில் ஆட்டம் இருந்தது என்று இன்னொரு பக்கம். 1982க்கும் 1994க்கும் நடுவில் கிளப் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்றே புரியவில்லை. 1992-93 அட்டவணையில் "பாரி" என்று ஒரு அணி வருகிறது, அது இதுதானா? 1996இல் லீக் சாம்பியனாக இருந்தும் சாம்பியன்ஸ் லீகில் ஆடாமல் யூஈஎஃப்ஏ கோப்பையில் ஆடியது ஏன்? 2003இல் லீக், கோப்பை இரண்டையும் வென்ற கிளப் அடுத்த சீசனே தரம் இறங்கியது எப்படி? 2013க்குப் பிறகு உள்ளது பழைய கிளப்பா, புதிய கிளப்பா? 7 லீக் பட்டங்களை யார் கணக்கில் எழுதுவது?

வேல்ஷ் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதுவது பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

நீண்ட விசில்:

பட்டங்களை வெச்சு வரலாறு கட்டினா இப்படித்தான் இடிக்கும். பட்டத்தையெல்லாம் ஓரமா வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடிங்க: இந்தக் கிளப் அந்த வருஷம் எந்த நாட்டு லீகில் ஆடிச்சு? பேரியோட கதையில பாதி, ஆங்கில லீகுக்கும் வேல்ஷ் லீகுக்கும் நடுவுல போய்வந்த கதை.

வரிசை இதுதான். 1913லேருந்து 1982 வரை சதர்ன் லீக். பேருக்கேத்த மாதிரி அது தென் இங்கிலாந்தின் லீக்; தென் வேல்ஸ் அணிகளும் அதுல இருந்தன. 1982-89 வேல்ஷ் லீக். 1989ல திரும்ப சதர்ன் லீக், மிட்லண்ட் பிரிவு. அங்க 1993 வரை. 1993-94 ஒரே ஒரு சீசன் மறுபடி வேல்ஷ் லீக். 1994-2004 லீக் ஆஃப் வேல்ஸ். 2004-2013 வேல்ஷ் லீகின் கீழ்ப்பிரிவுகள். 2013 கோடைல ஒரு வெட்டு, அப்புறம் 2017 வரை அதே லீக். 2017-22 உச்சப் பிரிவு, ஒரு சீசன் கீழே, 2023ல மறுபடி மேலே.

இதுல எல்லாரும் சறுக்குற இடம் பேர். "வேல்ஷ் லீக்" வேற, "லீக் ஆஃப் வேல்ஸ்" வேற. வேல்ஷ் லீக்னா தென் வேல்ஸ் அணிகளுக்கான பழைய லீக். லீக் ஆஃப் வேல்ஸ் 1992ல நாடு முழுசுக்கும் 20 அணியோட புதுசா வந்தது. அதே லீக் 2002ல வேல்ஷ் பிரீமியர் லீக் ஆச்சு, 2019ல கம்ரி பிரீமியர் ஆச்சு. தமிழ்ல ரெண்டையும் "வேல்ஸ் லீக்"னு எழுதிட்டா பேரி மொத்தம் 12 தடவை ஒரே பட்டத்தை வாங்கின மாதிரி ஆயிடும். ஒண்ணுக்கு "வேல்ஷ் லீக் (தெற்கு)", இன்னொண்ணுக்கு "தேசிய லீக்"னு கட்டுரை முழுக்க ஒரே மாதிரி போடுங்க.

1992க்கு முன்னாடி "எத்தனாவது படி"ங்கற கட்டத்தைக் காலியா விடுங்க. அப்ப வேல்ஸுக்குன்னு தேசிய லீகே இல்லை. 1982ல சதர்ன் லீகை விட்டு வந்ததை ஏத்தம்னும் சொல்ல முடியாது, இறக்கம்னும் சொல்ல முடியாது. ஒரு ஏணியிலேருந்து இன்னொரு ஏணிக்கு மாறினாங்க. வந்த இடத்துல 1983லேருந்து 1987 வரை ஐந்து பட்டம், 1989ல ஒண்ணு.

1920 பத்தி ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்க, பலரும் இதைத் தாண்டிப் போயிடறாங்க. அந்தக் கோடைல சதர்ன் லீகின் முதல் பிரிவு அப்படியே இங்கிலாந்தின் ஃபுட்பால் லீகுக்குள்ள மூணாம் பிரிவா எடுத்துக்கொள்ளப்பட்டது. ஸ்வான்சி, நியூபோர்ட், மெர்தர் டவுன் மூணும் அப்படித்தான் உள்ளே போச்சு. கார்டிஃப் சிட்டிக்கு நேரா ரெண்டாம் பிரிவிலேயே இடம் கிடைச்சது. பேரி அப்ப சதர்ன் லீகின் ரெண்டாம் பிரிவுல. அடுத்த சீசன் 1920-21ல சதர்ன் லீகின் வேல்ஷ் பிரிவைப் பேரி ஜெயிச்சது, ஆனா 1921 கோடைல ஃபுட்பால் லீகின் மூணாம் பிரிவுத் தெற்குல சேர்த்துக்கொள்ளப்பட்ட வேல்ஷ் அணி ஆபர்டேர் அத்லெட்டிக். அதுவும் 1927ல இடத்தைப் பறிகொடுத்தது. கதவு ஒரு வருஷம் அகலமாத் திறந்து மூடினது. அப்ப எந்தப் படியில நின்னாங்கங்கறதுதான் அடுத்த நூறு வருஷத்தைத் தீர்மானிச்சது.

பழைய செய்தித்தாள்:

முதலில் ஒரு திருத்தம். மேலே "ஐந்து பட்டம்" என்பது தவறு. 1982-83, 83-84, 84-85, 85-86 என நான்கு தொடர் பட்டங்கள். 1986-87 டான் பென்ட்ரேவுக்கு, 1987-88 எப்பு வேலுக்கு. பேரி திரும்ப வென்றது 1988-89. அதோடு 1993-94. ஆக வேல்ஷ் லீகில் 1994 வரை ஆறு. 2017இல் இன்னொன்று. தேசிய லீகின் ஏழையும் சேர்த்தால், மேலே சொன்ன 12ஐ 14 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

தொடக்க ஆண்டுக்கு வருகிறேன். இது ஊரின் வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பேரி பழைய ஊர் இல்லை. 1880களின் தொடக்கத்தில் அங்கே சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர்கள்தான். 1889இல் நிலக்கரி ஏற்றுமதிக்காகக் கப்பல்துறை திறந்த பிறகுதான் ஊர் முளைத்தது. 1913இல் ஒரே ஆண்டில் 1.1 கோடி டன் நிலக்கரி அங்கிருந்து போயிற்று. ஆகவே 1890களின் அணிகள் வேலைக்கு வந்தவர்கள் கூடி ஆடியவை, இருந்து மறைந்தவை. இன்றைய கிளப்போடு தொடர்ச்சி உள்ளது 1912இன் இறுதியில் சதர்ன் லீகில் சேர்வதற்காக அமைக்கப்பட்ட கிளப்புக்குத்தான். ஜென்னர் பார்க் மைதானமும் 1913இல் அதற்காகவே திறந்தது. அட்டவணையின் முதல் வரி 1913-14 ஆக இருக்கட்டும். 1912 என்பது அமைப்பு ஆண்டு, முன்னுரையில் வரட்டும். 1890களுக்கு இரண்டு வாக்கியம் போதும்.

அந்த இரண்டு வாக்கியத்துக்காகவும் பழைய இதழ்களைத் தேடப் போகிறீர்கள் என்றால், வேல்ஸ் தேசிய நூலகம் மின்னாக்கி இலவசமாக வைத்திருக்கும் இதழ்த்தொகுப்பு இருக்கிறது. "பேரி டாக் நியூஸ்", "பேரி ஹெரால்ட்" இரண்டும் அதில் கிடைக்கும். தொகுப்பு 1919ஓடு நிற்கும். எல்லா இதழும் அந்த ஆண்டு வரை வராது. தேடும் முறை:

முதல் பொறி, "ஃபுட்பால்" என்ற சொல். 1890களின் தென் வேல்ஸ் இதழில் வெறும் ஃபுட்பால் என்றால் பெரும்பாலும் ரக்பி. முடிவைச் சொல்லும் விதத்தில் இது பிடிபடும். "ஒரு கோல், இரண்டு டிரை" என்று வந்தால் ரக்பி. "2-1" என்று கோல் மட்டும் வந்தால் நம் ஆட்டம். தேடும்போது "அசோசியேஷன்" என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். செய்தி முழுக்க ஃபுட்பால் என்றே எழுதியிருந்தாலும் தலைப்பில் அந்தச் சொல் இருக்கும்.

இரண்டாவது, "பேரி" என்று மட்டும் தேடினால் ஆள் பெயர், தீவு, ரயில்பாதை, கப்பல்துறை என்று ஆயிரக்கணக்கில் கொட்டும். 1913க்குப் பிறகு "ஜென்னர் பார்க்" என்று தேடுவதே சுத்தம். அதற்கு முன் எதிரணியின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்.

மூன்றாவது, எழுத்துணரி மென்பொருள் மங்கிய அச்சில் எழுத்தை மாற்றிப் படிக்கும். தேடலில் கிடைக்கவில்லை என்பதால் செய்தி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஆட்டம் சனிக்கிழமை, வார இதழ் வருவது அதற்கு அடுத்த வாரக் கடைசியில். அந்த இதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கண்ணால் புரட்டிப் பாருங்கள்.

எந்த அட்டவணையிலிருந்து எடுத்தாலும் புள்ளியைக் கூட்டிச் சரிபாருங்கள். பழைய சீசன்களில் வெற்றிக்கு 2 புள்ளி, பிற்காலத்தில் 3. உதாரணமாக பேரி ஒரு ஆட்டமும் தோற்காத 1997-98: 38 ஆட்டம், 33 வெற்றி, 5 சமன். 33ஐ மூன்றால் பெருக்கி 5ஐச் சேர்த்தால் 104. அட்டவணையிலும் 104. கூட்டல் இடித்தால் ஒன்று அச்சுப்பிழை, அல்லது அந்த அணிக்குப் புள்ளி வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டியிருந்தால் அடிக்குறிப்பில் அதுவே ஒரு செய்தி.

கோட்டைவாயில்:

1992-93 "பாரி" பற்றி. அது இதே கிளப்தான். ஊரின் வேல்ஷ் பெயர் "அ பாரி". முதலில் வரும் "அ" ஆங்கில "தி" போல ஒரு முன்னொட்டு. சதர்ன் லீக் மிட்லண்ட் பிரிவின் அந்த சீசன் அட்டவணையில் கிளப் அந்தப் பெயரில் இருக்கும். ரிசர்வ் அணி என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

பின்னணி தெரியாமல் இந்த வரியை எழுத முடியாது. 1992இல் வேல்ஸ் கால்பந்துச் சங்கம் தேசிய லீகைத் தொடங்கி, ஆங்கில லீகுகளின் கீழ்ப்படிகளில் ஆடிய வேல்ஷ் கிளப்புகளை அதில் சேரச் சொன்னது. பேங்கர் சிட்டி, பேரி, கைர்னார்வன், கொல்வின் பே, மெர்தர் டிட்வில், நியூபோர்ட் ஏஎஃப்சி, நியூடவுன், ரில் ஆகிய எட்டும் மறுத்தன. "சினங்கொண்ட எட்டு" என்று பத்திரிகைகளில் பெயர் விழுந்தது. பேங்கரும் நியூடவுனும் சீக்கிரமே இணங்கி முதல் சீசனிலேயே சேர்ந்தன. ரில் இணங்குவதற்குள் நேரம் கடந்துவிட்டதால் ஒரு படி கீழே தொடங்க வேண்டியதாயிற்று. மறுத்து நின்றவற்றில் பலவற்றுக்குக் கிடைத்த தண்டனை, வேல்ஸுக்குள் சொந்த மைதானத்தில் ஆடத் தடை. நியூபோர்ட் குளொஸ்டருக்குப் போனது. பேரி வூஸ்டர் சிட்டியின் செயின்ட் ஜார்ஜஸ் லேன் மைதானத்தில் "சொந்த" ஆட்டங்களை ஆடியது. கடலோரத்திலிருந்து எல்லை தாண்டி வூஸ்டர் வரை எத்தனை பேர் பின்னால் வருவார்கள்? நுழைவுக் கட்டண வருமானம் வற்றியது. ஒரே சீசனில் திரும்பிவிட்டார்கள். நியூபோர்ட், கைர்னார்வன், கொல்வின் பே மூன்றும் நீதிமன்றம் போய் 1995இல் சொந்த மைதானத்துக்குத் திரும்பும் உரிமையை வாங்கின. பேரி அந்த வழக்கில் இல்லை.

திரும்பியவர்களை நேராகத் தேசிய லீகில் விடவில்லை, வேல்ஷ் லீகில் வைத்தார்கள். இதிலிருந்துதான் 1993-94 என்ற விசித்திரமான வரி வருகிறது. அந்த ஆண்டு வேல்ஷ் லீகை வென்றதோடு, வேல்ஷ் கோப்பை இறுதியில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் கார்டிஃப் சிட்டியை 2-1 என்று வீழ்த்தினார்கள். கார்டிஃப் அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் படியில் ஆடிய தொழில்முறை அணி. அதனால் அடுத்த சீசனின் கோப்பை வெற்றியாளர் கோப்பைக்கு (ஒவ்வொரு நாட்டுக் கோப்பையையும் வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டி) வேல்ஸின் சார்பில் போனது இரண்டாம் படியிலிருந்து கோப்பையை வென்ற அணி. லிதுவேனியாவின் ஜால்கிரிஸ் வில்னியஸிடம் 0-1, 0-6. அட்டவணையில் 1993-94 கோப்பையும் 1994-95 ஐரோப்பிய ஆட்டமும் தனித்தனி வரியில் வரவேண்டும். கோப்பையை வென்ற ஆண்டின் வரியிலேயே ஐரோப்பிய முடிவையும் போட்டுவிடுவது பெரும்பாலான இணையப் பட்டியல்களில் பார்க்கும் பிழை.

அது முடிந்த ஓராண்டில் விதியும் மாறியது. 1995-96 முதல் ஆங்கில லீகில் ஆடும் வேல்ஷ் அணிகளுக்கு வேல்ஷ் கோப்பையில் இடமில்லை. 1955ஐயும் 1994ஐயும் 2001-03உடன் ஒரே தட்டில் வைத்து "6 கோப்பை" என்று எழுதுவது எண்ணிக்கைக்குச் சரி, எடைக்குச் சரியில்லை. 1955இல் செஸ்டரை 1-1க்குப் பிறகு மறு ஆட்டத்தில் 4-3 என்று வென்றார்கள். கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம் எல்லாம் களத்தில் இருந்த கோப்பை அது. 1997, 2001, 2002, 2003 கோப்பைகள் அவை இல்லாத களத்தில்.

வடமராட்சி ரெஃபரி:

ஐரோப்பிய உதைபந்தாட்டக் கணக்கை நான் சொல்லுறன். எங்கட பக்கத்தில தண்ட உதை எண்டு எழுதுவம், நீங்கள் பெனால்ட்டி எண்டு மாத்திக்கொள்ளுங்கோ.

1996 கேள்விக்கு மறுமொழி சுகமானது. 1994 தொடக்கம் 1997 வரை சாம்பியன்ஸ் லீக் எல்லா நாட்டு சாம்பியனுக்கும் திறந்திருக்கேல்லை. தரவரிசையில மேல இருந்த 24 நாடுகளுக்கு மட்டும்தான். மிச்ச நாட்டு சாம்பியன்களை யூஈஎஃப்ஏ கோப்பைக்குள்ள விட்டவை. வேல்ஸ் அந்த மிச்சத்துக்க. அதாலதான் பேங்கர் சிட்டியும் 1994, 1995இல சாம்பியனா யூஈஎஃப்ஏ கோப்பை விளையாடினது. அதுக்கு முந்தி 1993இல கும்ப்ரான் டவுன் சாம்பியன்ஸ் லீகின் ஆரம்பச் சுற்றில கார்க் சிட்டியோட விளையாடி, 3-2, 1-2 எண்டு சமப்பட்டு, வெளியூர்க் கோல் விதியில (மொத்தம் சமனெண்டால் வெளியூரில கூடக் கோல் அடிச்ச அணி வெல்லும்) போனது. 1997 தொடக்கம் எல்லா சாம்பியனுக்கும் திரும்பக் கதவு திறந்தது. விதி மாறின ஆண்டை அடிக்குறிப்பில போடாட்டில் வாசிக்கிறவர் உங்களிட்டப் பிழை பிடிப்பார்.

1996 ஓட்டத்தை விரிவா எழுதுங்கோ, அது பெறுமதியான கதை. லாத்வியாவின் டினாபர்க்கை 0-0, 2-1 எண்டு வெண்டு, ஹங்கேரியின் பிவிஎஸ்சியோட முதல் ஆட்டம் 1-3 தோல்வி, பேரியில 3-1 வெற்றி. கூட்டிப் பாருங்கோ: 4-4. வெளியூர்க் கோலும் ஆளுக்கு ஒண்டு. ரெண்டு பக்கமும் எல்லாம் ஒண்டுக்கொண்டு சரி, அதாலதான் தண்ட உதைக்குப் போனது. 4-2 எண்டு பேரி வெண்டது. கனபேர் "வெளியூர்க் கோல் விதியில வெண்டது" எண்டு எழுதி வைச்சிருக்கினம், அது பிழை. முதற் சுற்றில ஸ்கொட்லாந்தின் அபர்தீன். அங்க 1-3, ஜென்னர் பார்க்கில 3-3. மொத்தம் 4-6.

1997இல டினாமோ கீவ்: 0-2, 0-4. 1998இலயும் அதே அணி: 0-8, 1-2. இதை "படுதோல்வி" எண்டு மட்டும் எழுதி விடாதேங்கோ. அந்த ரெண்டு பருவகாலத்திலயும் கீவ் ஒருக்கால் காலிறுதி வரை, மற்றதுக்கு அரையிறுதி வரை போனது; பார்சலோனாவை அதுக்கு நடுவில 3-0, 4-0 எண்டு அடிச்ச அணி.

2001 தான் உச்சம். அசர்பைஜானின் ஷம்கிரை 2-0, 1-0 எண்டு வெண்டு, சாம்பியன்ஸ் லீகில ஒரு சுற்றைத் தாண்டின முதல் வேல்ஷ் கழகம் ஆனது. அடுத்தது போர்ட்டோ. அங்க 0-8. ஜென்னர் பார்க்கில 3-1 வெற்றி. ரெண்டையும் ஒண்டாப் போடோணும். 3-1ஐ மட்டும் போட்டால் பேரி போர்ட்டோவை வெளியேத்தின மாதிரி இருக்கும், மொத்தத்தை மட்டும் போட்டால் போர்ட்டோவை வெண்ட செய்தி காணாமல் போயிடும்.

2002 ஸ்கொன்டோ ரீகாவிட்ட 0-5, 0-1. 2003 வர்டார்: அங்க 0-3, இங்க 2-1.

நீண்ட விசில்:

திருத்தத்துக்கு நன்றி பழைய செய்தித்தாள் ஐயா, நான் 1986-87ஐயும் சேர்த்து எண்ணிட்டேன்.

2003 பத்தி. "நிர்வாகக் கோளாறு"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடாதீங்க. காரணம் கிளப்போட அமைப்பிலேயே இருந்தது. 90களின் நடுவுல பேரி, லீகில மத்தவங்க பகுதிநேர ஆட்டக்காரர்களை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தப்போ, முழுநேரத் தொழில்முறை அணியை வெச்சாங்க. முழுநேரம்னா பயிற்சி தினம், சம்பளம் மாசாமாசம், கோடை விடுமுறையிலயும். கூட்டமோ சாதாரண லீக் ஆட்டத்துக்குச் சில நூறு பேர். அந்த டிக்கெட் காசுல இந்தச் சம்பளம் நிக்காது. நிக்கணும்னா மூணு வழி: முதலாளி கையிலேருந்து போடணும், ஆட்டக்காரரை விக்கணும், ஐரோப்பாக் காசு வரணும்.

விக்கறதுல பெருசுன்னா 1999ல ஈஃபியன் வில்லியம்ஸ், டார்கீ யுனைட்டடுக்கு 70,000 பவுண்டு. வருஷா வருஷம் அப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டார். ஐரோப்பா வரவு சாம்பியன் ஆனாத்தான் பெருசு. அதுவும் தகுதிச் சுற்று ஜூலைல, வேல்ஷ் சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே வந்துடும். எதிரணி பாதி நேரம் தன் சீசன் நடுவுல சூடா இருக்கும். ரெண்டு ஆட்டத்துல வெளியே வந்துட்டா அந்த வருஷத்து பட்ஜெட் ஜூலையிலேயே முடிஞ்சது. 2000ல பட்டம் டிஎன்எஸ்ங்கற இன்னொரு கிளப்புக்குப் போனப்பவே இந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிசுன்னு தெரிஞ்சிருக்கணும்.

2002-03ல முன்னாள் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜான் ஃபஷானு தலைவரா வந்தார். அந்த சீசன் களத்துல லீகும் கோப்பையும் ரெண்டும். கும்ப்ரானோட கோப்பை இறுதி 2-2, பெனால்ட்டியில 4-3. கணக்குப் புத்தகத்துல கடன். 2003 கோடைல திவால் நிர்வாகத்துக்குப் போனது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லாரும் போயிட்டாங்க. பேர் அதே, சட்டை அதே, உள்ளே இருக்கறது வேற அணி. 2004ல தரம் இறங்கினதுல ஆச்சரியமே இல்லை. கட்டுரைல 2002-03 வரிக்கும் 2003-04 வரிக்கும் நடுவுல "ஆட்டக்காரர் பட்டியல் முழுக்க மாற்றம்"னு ஒரு குறிப்பு போடுங்க. அது இல்லாம எழுதினா சாம்பியன் அணியே திடீர்னு ஆடத் தெரியாம போன மாதிரி இருக்கும்.

உப்பளம்:

எல்லாருக்கும் நன்றி. 2013 முடிச்சு மட்டும் மிச்சம். சில தரவுத்தளங்கள் 2013இல் பேரி டவுனை மூடி, பேரி டவுன் யுனைட்டட் என்று புது வரி தொடங்குகின்றன. சில, தொடர்ச்சியாகவே காட்டுகின்றன.

கோட்டைவாயில்:

நடந்தது இது. சரிவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் கிளப் ஒரு தனி உரிமையாளர் கையில் இருந்தது. கடைசிச் சில ஆண்டுகளில் அணியை அன்றாடம் ஓட்டியதும் செலவைத் தேடியதும் ரசிகர் குழு. 2013 மே மாதம், லீகில் இரண்டே ஆட்டங்கள் மிச்சமிருக்கையில் உரிமையாளர் கிளப்பை லீகிலிருந்து விலக்கிக்கொண்டார். ரசிகர்கள் பேரி டவுன் யுனைட்டட் என்ற பெயரில் அமைப்பை உருவாக்கி, பழைய இடத்தில் தொடர அனுமதி கேட்டார்கள். கால்பந்துச் சங்கத்தின் குழு மறுத்து, பொழுதுபோக்கு நிலை ஆட்டத்தில் மட்டுமே சேரலாம் என்றது. 2013 ஆகஸ்ட் 9 அன்று கார்டிஃபில் உயர் நீதிமன்றம், சங்கம் சட்டத்துக்குப் புறம்பாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அணியை வேல்ஷ் லீகின் மூன்றாம் பிரிவில், அதாவது தேசிய வரிசையில் நான்காம் படியில் சேர்த்தார்கள். தேதியைக் கவனியுங்கள்: சீசன் தொடங்கும் நேரம். முன்கூட்டிய பயிற்சி ஆட்டம், ஆட்டக்காரர் பதிவு எல்லாம் தீர்ப்புக்குக் காத்திருந்து ஓடியவை. அங்கிருந்து அடுத்தடுத்து இரண்டு ஏற்றம், 2017இல் முதல் பிரிவுப் பட்டம், தேசிய லீக். 2018-19இல் மூன்றாம் இடம் பிடித்து 2019 கோடையில் திரும்ப ஐரோப்பா: கிளிஃப்டன்வில்லோடு 0-0, 0-4.

இனி உங்கள் கேள்வி. இரண்டு அளவுகோல் உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது. சட்ட நிறுவனம் என்று பார்த்தால் 2013இல் கைமாற்றம். கிளப் என்று பார்த்தால் அதே ஊர், அதே மைதானம், 2007 முதல் இருந்த அதே மேலாளர் கேவின் செஸ்டர்ஃபீல்ட், ஒரு சீசன் கூட இடைவெளி இல்லை. பட்டங்களை ஒரே கிளப்பின் கணக்கில் வைத்து எழுதுவதுதான் வழக்கம். அதையே பின்பற்றி, 2013 வரியில் குறுக்குக்கோடும் குறிப்பும் போடுங்கள். ஒப்பிட ஒரு வரி வேண்டுமானால் நியூபோர்ட் கவுண்டி: 1989இல் கலைந்து, நியூபோர்ட் ஏஎஃப்சியாக முளைத்து, 1999இல் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பெயர் எழுதுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் தமிழாக்கினால் வேல்ஷ் பெயர் எல்லாம் பிழையாகும். அவர்கள் ஒற்றை "எஃப்" எழுதினால் ஒலி "வ". இரட்டையாக எழுதினால்தான் "ஃப". அதனால் கைர்னார்வன், கைர்னார்ஃபோன் இல்லை. "டபிள்யூ" உயிரெழுத்தாக வந்தால் "உ", கும்ப்ரான் அப்படித்தான். இரட்டை "டி"யின் ஒலி நமக்குப் பழக்கமானது, "அது", "இது" என்பதில் வரும் த. ஆகவே பான்டிப்ரீத், பான்டிப்ரிட் இல்லை. இரட்டை "எல்" மட்டும் நம்மிடம் இல்லை. நாக்கு ல சொல்லும் இடத்தில் இருக்க, ஓரத்தில் காற்று மட்டும் போகும். ழ போட்டு எழுதத் தோன்றும். வேண்டாம், அது வேறு ஒலி. எளிய ல போட்டு, முதல் இடத்தில் ஒரு குறிப்பு கொடுங்கள். நாட்டின் பெயர் கம்ரி, சிம்ரு அல்ல. ஊரை ஆங்கில வழக்கப்படி "பேரி" என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேல்ஷ் ஒலிக்கு "பாரி" நெருக்கம் என்றாலும் கட்டுரை முழுக்க அப்படி எழுதினால் வாசகர் முல்லைக்குத் தேர் கொடுத்தவரைத் தேடிப் போய்விடுவார்.

உப்பளம்:

திருத்திய வரிகளில் மாதிரிக்கு இரண்டு:

1992-93 | பாரி (பேரி டவுன்) | சதர்ன் லீக், மிட்லண்ட் பிரிவு | ஆங்கில முறை | ஐரோப்பா இல்லை | ஜென்னர் பார்க்
1993-94 | பேரி டவுன் | வேல்ஷ் லீக் (தெற்கு), முதல் பிரிவு | 2ஆம் படி | சாம்பியன், வேல்ஷ் கோப்பை, கோ.வெ. கோப்பையில் ஜால்கிரிஸிடம் தோல்வி | ஜென்னர் பார்க்

பழைய செய்தித்தாள்:

முதல் வரியில் மைதானம் வூஸ்டர், செயின்ட் ஜார்ஜஸ் லேன். கீழே ஜென்னர் பார்க் என்று ஒரே மூச்சில் நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டாம் வரியில் ஜால்கிரிஸை எடுத்து 1994-95க்குக் கொண்டுபோங்கள். மற்றது சரி.